வால் வளரட்டும், பார்க்கலாம்

இந்தத் தொடரில் என் மளிகைக் கடையைப் பற்றி எழுதினேன், மழை வெள்ளத்தில் உப்பு மூட்டை கரைந்ததை எழுதினேன், பழனிக்கு நடந்து போனதை எழுதினேன். இந்த ஒன்றை மட்டும் வருடக்கணக்காகத் தள்ளிக்கொண்டே வந்தேன். பேனாவை எடுப்பேன். மேலே ‘முருகா’ என்று எழுதுவேன். அப்புறம் மூடிவைத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவேன்.

காரணம், இது என் ஒருவனுடைய கதை இல்லை. பெண்ணைக் கொடுத்த வீட்டையும் சேர்ந்தது. சம்பந்தி வீட்டைப் பற்றிப் பத்திரிகையில் எழுதிவிட்டுத் தீபாவளிக்கு எந்த முகத்தோடு சீர் கொண்டு போவது?

போன வாரம் அந்த வீட்டுப் பெரிய மனுஷியே போன் செய்துவிட்டார்கள். “ஊர்ல உள்ளவுகளை எல்லாம் எழுதுறீகளாம், என்னைய மட்டும் ஏன் விட்டீங்க?” என்றார்கள். சரி, உத்தரவு கிடைத்துவிட்டது. எழுதுகிறேன்.

கண்ணை மூடினால் முதலில் தெரிவது ஒரு வால்.

எங்கள் வீட்டு ஹாலில், வெற்றிலைத் தட்டின் மேல், பொத்தென்று விழுந்த பல்லியின் வால். பல்லி இல்லை, வால் மட்டும். அது சும்மாவும் கிடக்கவில்லை. வெற்றிலை மேல் புரண்டது, துள்ளியது, ஒரு கொட்டைப்பாக்கைத் தட்டிவிட்டது, வாழைப்பழத்தின் மேல் ஏறி மறுபடி துள்ளியது. உடம்பே இல்லாத வால், உடம்பு இருப்பதுபோல் அத்தனை ஆட்டம் போட்டது.

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் என் மகள் மீனாவைப் பெண் பார்க்க வந்தவர்கள். எல்லார் முகமும் வெளிறிப்போயிருந்தது.

எனக்கு வந்ததோ, சொன்னால் திட்டுவீர்கள், சந்தோஷம். பல்லி வால் அறுந்த பிறகும் துடிக்கும் என்று எப்போதோ படித்திருந்தேன். கண்ணால் கண்டது அன்றுதான். நெஞ்சு முட்டச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆனால் என் வாயை முருகனிடம் அடகு வைத்திருந்தார்கள். அது எப்படி என்று சொல்லிவிட்டு மறுபடி தட்டுக்கு வருகிறேன்.

பொட்டலத்தில் வந்த படிப்பு

எனக்குப் படிப்பு ஒன்பதோடு சரி. அதற்கு மேல் படித்ததெல்லாம் பொட்டலத்தில்தான்.

அன்னவாசல் கடைவீதியில், எங்கள் வீட்டு முகப்பிலேயே கடை. கடுகு, சீரகம், மிளகு மடிக்கப் பழைய பேப்பரும் பழைய வாரப் பத்திரிகைகளும் கட்டுக்கட்டாக வரும். ஆள் இல்லாத நேரத்தில் தாளைக் கிழித்து அளவாக அடுக்குவேன். கிழிக்கும்போது கண்ணில் படுவதைப் படிப்பேன். அரசியல் வேண்டாம், சினிமா வேண்டாம். ஓரத்தில் சின்னக் கட்டம் போட்டு ‘தெரியுமா உங்களுக்கு?’ என்று துணுக்கு போடுவார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு வேண்டியது.

ஒரு தொல்லை உண்டு. தாளைக் கிழித்த பிறகுதான் படிப்பேன். அதனால் பாதித் துணுக்கு என் கையில் இருக்கும், பாதி யாரோ ஒருவர் வீட்டுக்குப் போயிருக்கும். ஒரு தடவை, ‘ஆக்டோபஸ் என்னும் கடல் உயிரினத்துக்கு மூன்று’ என்பதோடு தாள் முடிந்துவிட்டது. மூன்று என்ன? கண்ணா? வாயா? மனைவியா? மீதித் தாள் அப்போதுதான் சீரகத்தோடு கிளம்பியிருந்தது. கடையைப் போட்டது போட்டபடி சைக்கிளை எடுத்தேன்.

“அக்கா, அந்தச் சீரகப் பொட்டலத்தைக் குடுங்க.”

“ஏன், எடை கொறைஞ்சுபோச்சா?”

“சீரகத்தை நீங்க வச்சுக்கங்க. எனக்குத் தாள் போதும்.”

இதயம்! ஆக்டோபஸுக்கு மூன்று இதயமாம். அந்த அக்கா வீட்டு வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டேன். ஒற்றை இதயத்தை வைத்துக்கொண்டே மனிதன் இந்தப் பாடு படுகிறான், மூன்று கொடுத்து ஒன்றைக் கடலுக்குள் போட்டிருக்கிறாரே பகவான், அவர் கணக்கை யார் கண்டது?

அதுதான் என் சந்தோஷம். கோயிலில் கற்பூரம் காட்டும்போது அதுவரை இருட்டில் இருந்த சாமி முகம் பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு துணுக்கும் எனக்கு அப்படித்தான். கொஞ்ச நேரம் வெளிச்சம். அவர் கைவேலை கொஞ்சம் கிட்டத்தில் தெரியும்.

சந்தோஷம் வந்தால் வாய் சும்மா இருக்குமா? கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். “தெரியுமா? நம்ம புதுக்கோட்டை ராஜா நாட்டுல சின்னதா ஒரு செம்புக் காசு புழங்குச்சு. அம்மன் காசுன்னு பேரு. ஒரு பக்கம் அம்மன், மறுபக்கம் விஜயன்னு எழுத்து.” “தெரியுமா? ஜன்னல், அலமாரி, சாவி, இதெல்லாம் போர்த்துகீசியக்காரன் விட்டுட்டுப் போன வார்த்தை.” சித்தன்னவாசலுக்கு வழி கேட்டு வருகிறவர்களை அப்படியே அனுப்ப மாட்டேன். “உள் அறையில நின்னு ஓம்னு இழுத்துப் பாருங்க, மலையே கூடச் சேர்ந்து முனகும்” என்று சொல்லித்தான் அனுப்புவேன்.

கடைசியில் ஊர் ஜனம், “அண்ணே, தெரியுமா போடாம அரைக் கிலோ சீனி குடுங்க” என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது.

பட்டும் தேனும்

மீனா புதுக்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். கெட்டிக்காரி. அவளுக்கு வந்த முதல் வரனில் மாப்பிள்ளையின் அம்மா பளபளவென்று பட்டுச் சேலையில் வந்து உட்கார்ந்தார்கள். “சேலை நல்லா இருக்கும்மா. தெரியுமா? இதுக்காகப் புழுவைக் கூட்டோட வெந்நீர்ல போட்டு அவிப்பாங்க” என்றேன். மெச்சித்தான் சொன்னேன். அந்த அம்மா அதற்கப்புறம் ஒரு வாய் கேசரிகூடத் தொடவில்லை.

இரண்டாவது வரன் வந்தபோது பஞ்சாமிர்தம் வைத்திருந்தோம். அதில் தேன் சேர்ந்திருந்தது. தேனீ பூவில் குடித்ததை வயிற்றில் வைத்திருந்து வாய்வழியாகத்தான் திருப்பிக் கொடுக்கிறது என்று சொன்னேன். எவ்வளவு அருமையான ஏற்பாடு! மாப்பிள்ளை எழுந்து கொல்லைப்பக்கம் போனார். திரும்பி ஹாலுக்கு வரவேயில்லை, அப்படியே காரில் ஏறிவிட்டார்.

என் மனைவி பாக்கியம் அன்றைக்கு அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். “கெளம்புங்க, விராலிமலைக்குப் போவோம்” என்றாள்.

மஞ்சள் துணி

விராலிமலை முருகனுக்குச் சுருட்டு நைவேத்தியம் உண்டு. எத்தனை பேருக்குத் தெரியும்? படியேறும்போதே அதைச் சொல்ல வாயெடுத்தேன். பாக்கியம் திரும்பிப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன்.

சன்னதியில் ஒரு காசை மஞ்சள் துணியில் வைத்து முடிந்தாள். சத்தமாகவே வேண்டினாள். “முருகா, மீனாவுக்குத் தாம்பூலம் மாத்துற வரைக்கும் இவரு வாயிலேருந்து தெரியுமாவும் வராது, துணுக்கும் வராது. நீதான் இவரு நாக்குல உக்காந்து பாத்துக்கணும்.” பிறகு என்னிடம், “சரின்னு சொல்லுங்க” என்றாள்.

“சரி முருகா” என்றேன்.

வெளியே வந்தால் பாறையில் ஒரு மயில். தோகையை விரித்து நிற்கிறது. மயில் இறகில் நீலச் சாயமே கிடையாது, எல்லாம் வெளிச்சம் பட்டுத் தெறிக்கிற வித்தை. நான் ஒன்றும் பேசவில்லை.

“ஏங்க!” என்றாள்.

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“மூஞ்சி சொல்லுதே.”

பஜ்ஜி பரீட்சை

ஆனி மாதக் கடைசியில் மூன்றாவது வரன் வந்தது. திருமயம் பக்கத்துக் குடும்பம். மாப்பிள்ளை கதிர், திருச்சியில் வேலை. அவருடைய அப்பா சாதுவான மனிதர். கதிருக்கு விவரம் தெரியாத வயதிலேயே தாயார் தவறிவிட்டார்கள். அப்பாவின் அக்கா அலமேலு அம்மாள்தான் வந்திருந்து வளர்த்தது. அந்த வீட்டில் அவர்கள் வைத்ததுதான் சட்டம் என்று தரகர் முன்னமே சொல்லியிருந்தார்.

மீனா காப்பி கொண்டுவந்து “எடுத்துக்கங்க மாமா” என்றாள். கதிரின் அப்பா உருகிவிட்டார். “என்னா குரலு! குயில் கூவுற மாதிரியே இருக்கு.”

கூவுகிற குயில் ஆண் குயில். என் வாய் திறந்தது. பாக்கியம் ஒரு பஜ்ஜியை எடுத்து என் கையில் கொடுத்தாள். தின்றேன்.

அவர் மிளகாய் பஜ்ஜியைக் கடித்துவிட்டு, “சேரன் சோழன் பாண்டியனெல்லாம் இந்த மொளகாயைத் தின்னுட்டுத்தான் போருக்குப் போனான்” என்றார். மிளகாய் நம் ஊருக்கே இல்லை, கப்பலேறி வந்த சரக்கு. அதற்கு முன்னால் இங்கே உறைப்பென்றால் மிளகுதான். இன்னொரு பஜ்ஜி.

அலமேலு அம்மாள் பேச்சு மயிலுக்குப் போனது. “மயிலு சுத்தமான பெறவி. ஆண் மயிலு கண்ணீர் விடும், அதைக் குடிச்சுத்தான் பொட்டை முட்டை வைக்கும்” என்றார்கள். முருகா, உன் வாகனத்தைப் பற்றியே இல்லாததைச் சொல்கிறார்கள், நான் சும்மா இருக்க வேண்டுமா? பாக்கியம் தட்டையே என் மடியில் வைத்துவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் டியூப்லைட் பக்கத்தில் இரண்டு பல்லிகளுக்குள் ஒரு பூச்சிக்காகச் சண்டை. ஒன்று மற்றொன்றின் வாலைக் கவ்வியது. கவ்வப்பட்டது வாலை விட்டுவிட்டு முருகன் படத்துக்குப் பின்னால் ஓடியது. கவ்வியது வாயைத் திறக்க, வால் கீழே வந்தது.

நான் முதலில் சொன்ன தட்டு, முதலில் சொன்ன வால்.

பின்பக்கத்தில் இல்லாத பலன்

அலமேலு அம்மாள் எழுந்துவிட்டார்கள். “தாம்பூலத் தட்டுல இது என்ன கூத்து? வாங்கடா போவோம்.”

“பலன் பாத்துட்டுப் போவோம்க்கா” என்றார் கதிரின் அப்பா மெதுவாக.

எங்கள் வீட்டுத் தினசரி காலண்டரின் பின்பக்கத்தில் பல்லி விழும் பலன் அச்சடித்திருக்கும். எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. கதிர் அதைக் கழற்றிப் படித்தார். “தலை, நெத்தி, புருவம், மூக்கு, தோள், முழங்கால், பாதம்… வெத்தலைத் தட்டு இல்லை அத்தை.”

“வாலுக்கு என்ன போட்டுருக்கு?”

“எந்த வாலு? பல்லிக்கா, நமக்கா?”

“எடக்குப் பேசாத. நல்லாப் பாருடா.”

“இல்லை அத்தை. முழுப் பல்லி விழுந்தாத்தான் பலன்.”

“காலண்டர்லயே இல்லைன்னா அது எவ்வளவு பெரிய சகுனமா இருக்கணும்!” என்றார்கள் அலமேலு அம்மாள்.

பாக்கியம் வழியை மறித்தாள். “அக்கா, அது ஒண்ணுமில்லக்கா. மறுபடி வளந்துரும்.”

“வளருமா?”

“வளரும்க்கா.”

அலமேலு அம்மாள் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். அவர்கள் கெட்ட மனுஷி இல்லை. தாயில்லாப் பிள்ளையை வளர்த்தவர்கள், பயம் இருக்கத்தானே செய்யும்? “சரி, வளரட்டும், பாக்கலாம். ஆடி வருது, ஆடியில நாம ஒண்ணும் பேசப்போறதில்ல. ஆவணி பொறந்ததும் வாரேன். அந்தப் பல்லி வாலோட இருந்துச்சுன்னா தாம்பூலம் மாத்துவோம். இல்லைன்னா நீங்க அங்கிட்டு, நாங்க இங்கிட்டு.”

கார் கிளம்பியது. மீனா அடுக்களையில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள். “அப்பா, அது நெசமாவே வளரும்ல?”

முந்தின இரண்டு வரன் போனபோதும் அவள் இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்கு விளங்கிவிட்டது. தலையை மட்டும் ஆட்டினேன். அவள் கழுவின தம்ளரையே மறுபடி கழுவினாள்.

ஆடி மாத விருந்தாளி

அன்று முதல் எங்கள் வீட்டில் பல்லிக்கு நடந்த உபசாரம் எந்த மாப்பிள்ளைக்கும் நடந்திருக்காது.

பாக்கியம் விளக்குமாற்றோடு பல்லி விரட்டுகிற ஜாதி. அவளே இப்போது, “லைட்டை ஏன் அமத்துறீங்க? பூச்சி வரவேணாமா?” என்று என்னைச் சத்தம் போட்டாள். அந்திக் கருக்கலில் ஜன்னலைத் திறந்துவைத்தாள். பக்கத்து வீட்டுப் பூனைக்கு எங்கள் கொல்லையிலேயே பால் வைத்தாள், வயிறு நிறைந்தால் உள்ளே வராதாம். பல்லி முருகன் படத்துக்குப் பின்னால் குடியிருந்ததால் படத்தைத் துடைப்பதும் நின்றது. தினமும் கீழேயிருந்தே கும்பிட்டுக்கொண்டாள்.

கூப்பிட ஒரு பேர் வேண்டுமே. மாப்பிள்ளை என்று வைத்தாள். “மாப்பிள்ளை சாப்ட்டாச்சா?” “மாப்பிள்ளை இன்னிக்கி வெளியிலயே வரலையே.”

ஒரு நாள் கதிர் போன் செய்தார். பாக்கியம் சத்தமாகப் பேசியது வாசல் வரை கேட்டது. “யாரு? ஓ, தம்பியா! மாப்பிள்ளைக்கு என்ன, நல்லா இருக்காரு. இப்பத்தான் ஒரு ஈசலை முழுங்குனாரு. செவுத்துல தலைகீழாத் தொங்கிக்கிட்டு இருக்காரு.”

அதற்குப் பிறகு கதிர் மீனாவின் போனுக்கே கூப்பிட ஆரம்பித்தார். கேள்வி ஒன்றுதான்: வால் எவ்வளவு வளர்ந்திருக்கிறது? முதல் வாரம் ஒரு நிமிஷத்தில் பேச்சு முடிந்துவிடும். போகப்போக மாடிப்படியில் உட்கார்ந்து அவள் பேசிக்கொண்டே இருப்பாள், சிரிப்புச் சத்தம் கடை வரைக்கும் வரும். ஊரில் உள்ள துணுக்கையெல்லாம் மனப்பாடம் செய்த எனக்கே, ஒரு பல்லி வாலைப் பற்றி அவ்வளவு நேரம் பேச விஷயம் உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வாலும் வளர்ந்தது. முதலில் ஒரு கறுத்த மொட்டு. அப்புறம் கடலைப்பருப்பு அளவு. அப்புறம் ஒரு சின்ன மிளகாய்.

கடையில் நான் ஊமை. சீனி கேட்டால் சீனி, புளி கேட்டால் புளி. புளிக்கு வெள்ளைக்காரன் வைத்த பேரே அரபிக்காரனின் ‘இந்தியப் பேரீச்சை’யிலிருந்து வந்ததாம், மரமோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததாம். எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு புளியை நிறுத்துக் கொடுத்தேன். தெரியுமா போடாமல் சீனி கேட்ட அதே ஜனம், “அண்ணே, ஒடம்புக்கு முடியலையா? வெறும் சீனியைக் குடுத்து அனுப்புறீங்க?” என்று துக்கம் விசாரித்தது.

“யார் வாலு இது?”

ஆவணி பிறந்தது. சொன்னபடி வந்தார்கள், பட்டுப்பையில் தாம்பூலத்தோடு. மத்தியானமே வந்துவிட்டார்கள். பல்லி வெளிச்சம் போனால்தான் வரும். காப்பி போட்டோம், முறுக்கு வைத்தோம், மறுபடி காப்பி போட்டோம். எல்லாரும் சாமி படத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியிலிருந்து பார்த்தவர்கள் பஜனை என்று நினைத்திருப்பார்கள்.

பொழுது சாய்ந்தது. பாக்கியம் விளக்கேற்றிவிட்டு டியூப்லைட்டைப் போட்டாள். படத்துக்குப் பின்னாலிருந்து முதலில் தலை வந்தது. அப்புறம் உடம்பு. அப்புறம் வால்.

“வந்துருச்சு!” என்று கதிர் குதித்தே விட்டார். மீனா அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அலமேலு அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள். பிறகு இறங்கினார்கள்.

“இது அந்தப் பல்லி இல்லை.”

பல்லியை நோக்கி விரலை நீட்டினார்கள்.

“ஒடம்பு ஒரு நெறம், வாலு ஒரு நெறம். ஒடம்புல புள்ளி இருக்கு, வாலுல இல்லை. மொழுமொழுன்னு கட்டையா இருக்கு. யார் வாலு இது? வேற பல்லியக் கொண்டாந்து விட்டுட்டு என்னைய ஏமாத்துறீங்களா?”

கதிர் போனை எடுத்தார். “அத்தை, இதுல போட்டுருக்கு பாருங்க, புது வாலு அப்படித்தான்…”

“ஒன் போன்ல எல்லாந்தான் வரும். மெயின் சுச்சுல பூண்டைக் கட்டுனா கரண்டு பில்லு கொறையும்னு போன மாசம் காட்டுனியே, கொறைஞ்சுச்சா?” மீனா ஏதோ சொல்ல வந்தாள். “சின்னப் புள்ளை, நீ பேசாத தாயி” என்று அவளையும் அடக்கிவிட்டார்கள். பட்டுப்பையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்கள்.

பாக்கியம் என் பக்கம் திரும்பினாள். “ஏங்க, சொல்லுங்க.”

நான் தலையை ஆட்டினேன், முடியாது என்று.

“ஒங்களுக்குத்தான் தெரியுமே! சொல்லித் தொலைங்க!”

தெரியும். எப்படித் தெரியாமல் போகும்? பாதியும் இல்லை, முழுத் தாளாகக் கிடைத்த துணுக்கு அது. வீட்டில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் தாம்பூலம் மாற்றும் வரை என்று சாமி முன்னால் சொன்ன சொல். தாம்பூலம் இன்னும் பைக்குள்தான் இருக்கிறது. வேண்டுதலை மீறி நான் பேசி, அதனால் பெண்ணுக்கு ஏதாவது வந்தால்? பேசாமல் இருந்து இந்தச் சம்பந்தமே போய்விட்டால்? கதவருகே மீனா என்னையே பார்க்கிறாள். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது.

“என்னம்மா இது, ரெண்டு பேரும் நாடகம் போடுறீங்க?” என்றார்கள் அலமேலு அம்மாள்.

அப்போது பாக்கியம் ஹாலுக்கு நடுவில் வந்தாள். முந்தானையில் இரண்டு கையையும் துடைத்தாள், நான் கல்லாவிலிருந்து எழுந்து துண்டில் துடைப்பேனே, அதேபோல. தொண்டையைக் கனைத்தாள், அதுவும் என்னைப்போலவே.

“தெரியுமா?” என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

“பல்லியின் வால் அறுந்தால் மீண்டும் வளரும். ஆனால் புதிதாக வளரும் வாலில் பழையபடி எலும்பு இருப்பதில்லை. அதற்குப் பதிலாகக் குருத்தெலும்பே இருக்கும். நிறமும் செதிலும்கூட மாறியிருக்கும்.” பத்திரிகையில் அச்சடித்தது அச்சடித்தபடி, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். இத்தனை வருடம் இந்தத் துணுக்கையெல்லாம் சொன்னபோது ‘ம்’ கூடக் கொட்டாமல் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள்!

பிறகு தன் பேச்சுக்கு வந்தாள். “அக்கா, மறுபடி ஏறிப் பாருங்க. வாலு எந்த எடத்துல முளைச்சுச்சோ அங்க ஒரு கோடு தெரியும், ஒட்டுப் போட்ட மாதிரி. வாலு மாறாம இருந்தாத்தான் நீங்க சந்தேகப்படணும். ஒங்களை ஏமாத்தணும்னா நல்ல வாலு உள்ளதாப் பாத்து விட்டிருக்க மாட்டோமா? இப்புடியா ஒரு கட்டை வாலைக் கொண்டாந்து விடுவோம்?”

அலமேலு அம்மாள் மறுபடி நாற்காலியில் ஏறினார்கள். “ஆமா, கோடு இருக்கு” என்று மேலேயிருந்து சொன்னார்கள். இறங்காமல் அங்கேயே நின்றபடி, “இதெல்லாம் ஒனக்கு யாரும்மா சொன்னா?” என்று கேட்டார்கள்.

“யாரு சொல்லணும்? கல்யாணம் ஆன நாள்லேருந்து காதுல விழுந்துக்கிட்டே கெடக்கு. கொழம்புக்கு உப்புப் போட்டேனா இல்லையான்னு மறந்துருது. இது ஒண்ணும் மறந்து தொலைய மாட்டேங்குது.” அப்புறம் வேண்டுதல், மஞ்சள் துணி, பட்டு, தேன், எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டிவிட்டாள்.

கதிரின் அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். “இன்னொண்ணு எடுத்து விடும்மா!”

“வண்ணாத்திப்பூச்சி காலாலதான் ருசி பாக்கும்.”

“அட!”

“எறும்புக்கு நுரையீரலே கெடையாது.”

“அடடா!”

அலமேலு அம்மாள் சிரிக்கவில்லை. இறங்கி அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார்கள். பல்லியைப் பார்த்தார்கள், கதிரைப் பார்த்தார்கள். “எலும்பு வேற, நெறம் வேற. ஆனா அந்த எடத்துல வளந்து நிக்குது. அதே ஒடம்பை நம்பித்தான் நிக்குது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்கள். பிறகு, “எங்க வீட்லயும் இவன் அம்மா போனப்புறம் வந்து முளைச்சவதானே நான். அப்ப நானும் வாலுதான்” என்றார்கள்.

“வாலுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க அத்தை” என்றார் கதிர். “எல்லாரும் சாட்சி.”

“போடா!” என்று அவர் தலையில் ஒரு தட்டு தட்டினார்கள். அப்போதுதான் சிரிப்பு வந்தது அவர்களுக்கு. ஒரே சிரிப்பு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாகப் பட்டுப்பையைத் திறந்து தாம்பூலத்தை எடுத்துப் பாக்கியம் கையில் வைத்தார்கள். மீனா அடுக்களைக்குள் ஓடிவிட்டாள். பல்லி அதுபாட்டுக்கு ஒரு பூச்சியைப் பிடித்தது.

வாசகர்களுக்கு

இந்தக் கதை எங்கள் கடைவீதியில் இப்போது பலவிதமாக உலவுகிறது. வால் ஒரே ராத்திரியில் வளர்ந்தது என்கிறார்கள் சிலர். முருகனே பல்லி ரூபத்தில் வந்தார் என்கிறார்கள் சிலர். நான் எழுந்து நின்று அரைமணி நேரம் பேசி, சம்பந்தி வீட்டாரை வாயடைக்க வைத்தேன் என்றுதான் நிறையப் பேர் சொல்கிறார்கள். கேட்க எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பொய்.

நீங்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். வீட்டில் சொல்லுங்கள், பஸ்ஸில் சொல்லுங்கள், கல்யாணப் பந்தியில் சொல்லுங்கள். ஆனால் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். உள்ளதை உள்ளபடியே சொல்லுங்கள்.

அன்றைக்குப் பேசியது பாக்கியம். நான் வாயைத் திறக்கவே இல்லை.